டீச்சரம்மா பதில்கள்: காய் நறுக்க ஒரு அரை மணி நேரம்

கேள்வி: வீட்டில் நான், கணவர், இரண்டு பிள்ளைகள். காலையில் ஏழு மணி பஸ்ஸைப் பிடித்து திருநெல்வேலிக்கு வேலைக்குப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை மூன்று கிலோ காய் வாங்குகிறேன். வியாழக்கிழமை பார்த்தால் பாதி வாடிக் கிடக்கிறது. சாம்பாரும் அப்பளமுமாக நாள் ஓடிவிடுகிறது. தினமும் காய் சாப்பிட எளிய வழி இருந்தால் சொல்லுங்கள் டீச்சர்.
வாசகி, வீரவநல்லூர்

பதில்: தங்கச்சி, முதலில் அந்த மூன்று கிலோவைக் கணக்குப் பார்த்துவிடுவோம். நாலு பேர், ஏழு நாள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 107 கிராம் வருகிறது. தோல், காம்பு, வாடினது எல்லாம் போக அதில் பாதிதான் வயிற்றுக்குப் போகிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, 2,000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்குக் கீரையையும் சேர்த்து நாளைக்கு 400 கிராம் காய் வேண்டும் என்கிறது. உங்கள் வீட்டுக்கு வாரத்துக்குப் பதினோரு கிலோ! பயந்துவிடாதீர்கள். அடுத்த மாதத்துக்குள் ஆறு கிலோவுக்கு வந்தால் போதும், பிறகு மெல்ல ஏற்றலாம். ஆனால் ஆறு கிலோவையும் ஒரே நாளில் வாங்கக் கூடாது. ஞாயிறு ஒரு தடவை, புதன் ஒரு தடவை என்று பிரித்து வாங்குங்கள்.

நான் 31 வருஷம் பாளையங்கோட்டையில் மனையியல் சொல்லிக்கொடுத்தவள். பிள்ளைகளிடம் 'வீட்டில் நேற்று என்ன காய்?' என்று கேட்பது என் வழக்கம். பாதிப் பேர் 'காய் வைக்கல டீச்சர்' என்பார்கள். ஏன் என்று கேட்டால் 'பிடிக்காது' என்று ஒருத்திகூடச் சொன்னதில்லை. 'அம்மாவுக்கு நறுக்க நேரமில்ல' என்றுதான் சொல்வார்கள். அதை அத்தனை வருஷம் கேட்டதில் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிந்துபோனது. காய் வேக பத்து நிமிஷம்தான். நறுக்குகிற வேலை மொத்தமும் ஒரே ஆள் தலையில், அதுவும் விடியற்காலையில் விழுகிறது. அதனால்தான் நம் வீடுகளில் காய் குறைந்துவிட்டது.

என் அப்பா கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போகிற தவசிப்பிள்ளை. கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் காய் நறுக்கு நடக்கும். பந்தலுக்குப் பின்னால் பாயை விரித்ததும் தெருப் பெண்கள் ஆளுக்கொரு அரிவாள்மணையோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். தடியங்காய் (வெண்பூசணி) ஒரு பக்கம், சேனை ஒரு பக்கம், வாழைத்தண்டு எங்கள் ஆச்சி பக்கம். தண்டை வட்ட வட்டமாக அரியும்போது இழுபட்டு வருகிற நாரை ஆச்சி ஆட்காட்டி விரலில் சுற்றிக்கொண்டே போவாள். பத்துப் பதினைந்து வட்டம் ஆவதற்குள் விரலில் வெள்ளை வெளேரென்று மோதிரம் போல நார் திரண்டு நிற்கும். அரிந்த வட்டங்கள் கறுத்துவிடாமல் இருக்க மோர் கலந்த தண்ணீரில் விழும். அப்பா நடந்துகொண்டே குனிந்து ஒரு துண்டை எடுத்துப் பார்ப்பார். "அவியலுக்கு விரல் நீளம் வேணும்ட்டி. ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசா கிடந்தா, ஒண்ணு குழையும் ஒண்ணு வேகாது" என்பார். அறுநூறு பேருக்கான காய் பேச்சும் சிரிப்புமாக இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

அதைத்தான் உங்கள் வீட்டுக்குள் கொண்டுவரச் சொல்கிறேன். ஞாயிறும் புதனும் சாயங்காலம் அரை மணி நேரம் நாலு பேரும் உட்காருங்கள். பீன்ஸையும் சீனியவரைக்காயையும் (கொத்தவரங்காய்) கத்தி இல்லாமல் பிள்ளைகள் ஒடித்துப் போடலாம். கேரட் சீவுவதும் முட்டைகோஸ் அரிவதும் உங்கள் கணவருக்கு. 'அவருக்கு வராது' என்று எழுதிவிடாதீர்கள், இரண்டாவது வாரம் வந்துவிடும்.

நறுக்கியதை எப்படி வைப்பது என்பதில்தான் பலர் தோற்றுப்போகிறார்கள். பீன்ஸ், கேரட், கோஸ், பூசணி எல்லாம் ஈரமில்லாத டப்பாவில், அடியில் ஒரு பருத்தித் துணி போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். வெண்டைக்காயைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் நறுக்க வேண்டும், நறுக்கிய பிறகு தண்ணீர் காட்டவே கூடாது. கத்திரிக்காய், வாழைக்காய் இரண்டையும் அன்றன்றைக்குத்தான் நறுக்க வேண்டும். முருங்கைக்கீரை ஆய்வதற்குப் பயந்தே வாங்காமல் விடுகிறவர்கள் உண்டு. ராத்திரி அதைக் கொத்தோடு ஒரு துணியில் இறுக்கிச் சுற்றி வைத்துவிடுங்கள். காலையில் பிரித்து உதறினால் இலையெல்லாம் தானாக உதிர்ந்து கிடக்கும். மிச்சமிருக்கிற காம்பைப் பொறுக்கினால் போதும்.

பிறகு அந்த சாம்பார். ஒரு முருங்கைக்காயை நாலாக நறுக்கிப் போட்டுவிட்டு அதைக் காய் சாம்பார் என்று சொல்லக் கூடாது. பருப்பு எவ்வளவு வேகவைக்கிறீர்களோ, அதைப்போல இரண்டு பங்கு காய் விழட்டும். நம்மூர் இடிசாம்பாருக்கு எத்தனை காய் போட்டாலும் தாங்கும். வறுத்து இடித்த பொடி காய்க்குள் இறங்கும்போது பிள்ளைகள் காயைத் தேடி எடுத்துச் சாப்பிடுவார்கள். தட்டில் சோற்றுக்கு முன்னால் காயை வையுங்கள். சோறு மலை மாதிரி விழுந்த பிறகு காய்க்கு இடம் ஓரத்தில்தான் கிடைக்கும்.

கேள்வி: எங்கள் வீட்டில் கறியோ மீனோ இல்லாமல் சோறு இறங்காது. எட்டு வயது மகன் காய் கண்ணில் பட்டால் பொறுக்கி ஓரத்தில் வைக்கிறான். அரைத்து மறைத்துக் கொடுக்கலாமா?
வாசகி, மேலப்பாளையம்

பதில்: மறைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன் அம்மா. ஒருநாள் கண்டுபிடித்துவிடுவான், பிறகு நீங்கள் ஆக்குகிற எதையுமே நம்ப மாட்டான். காய் எப்படி இருக்கும் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

உங்கள் வீட்டிலேயே அருமையான வழி இருக்கிறது, தால்ச்சா. பருப்பும் கறி எலும்பும் சேர்ந்து கொதிக்கிற அந்தச் சாற்றில் கத்திரிக்காய், வாழைக்காய், முருங்கைக்காய், மாங்காய் எல்லாம் ஊறிக் கிடக்கும்போது அவனுக்குப் பிடித்த ருசி காய்க்கும் வந்துவிடுகிறது. விருந்துக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளாமல் வாரம் ஒரு நாள் வையுங்கள். கறிக்குழம்பில் சுரைக்காய் போடுங்கள், கறியைக் கொஞ்சம் குறைத்துக் காயைக் கூட்டினாலும் குழம்பின் ருசி குறையாது.

புதுக் காய் ஒன்றைப் பிள்ளை ஒரே நாளில் ஏற்றுக்கொள்ளாது. பத்துத் தடவைக்கு மேல்கூட நாக்கில் பட வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு துண்டு வையுங்கள். சாப்பிடாவிட்டால் திட்டாதீர்கள், சாப்பிட்டால் சிப்ஸ் வாங்கித் தருகிறேன் என்றும் சொல்லாதீர்கள். பரிசு கொடுத்துத் தின்னவைத்த பொருளைப் பிள்ளை தண்டனையாகத்தான் நினைக்கும். நீங்கள் அவன் எதிரில் உட்கார்ந்து அதே காயைச் சாப்பிடுவது முக்கியம். அவனுடைய அப்பாவும்.

கேள்வி: ஊர் அம்பாசமுத்திரம். வண்ணார்பேட்டையில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறேன். அறையில் கரண்ட் ரைஸ் குக்கர் ஒன்றுதான் இருக்கிறது. ராத்திரி பெரும்பாலும் பரோட்டா. அம்மா போனில் தினமும் 'காய் சாப்பிட்டியா?' என்று கேட்கிறாள். பொய் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.
வாசகர், வண்ணார்பேட்டை

பதில்: தம்பி, அந்தக் குக்கர் போதும். நம்ம ஊர்க் கூட்டாஞ்சோறு அதற்கென்றே செய்த மாதிரி இருக்கும். சோறு, பருப்பு, காய், கீரை எல்லாம் ஒரே பானையில் வேகிற சாப்பாடு அது.

ஒருத்தருக்கு அரை டம்ளர் அரிசி, இரண்டு கை துவரம்பருப்பு. இரண்டையும் கழுவி அரை மணி நேரம் ஊறவையுங்கள், ஊறாத பருப்பு கரண்ட் குக்கரில் சரியாக வேகாது. ஒரு டம்ளருக்குக் குறையாமல் நறுக்கிய காய். கத்திரிக்காய், முருங்கைக்காய், கேரட், அவரைக்காய் என்று மார்க்கெட்டில் எது மலிவோ அது. மஞ்சள்பொடி, உப்பு, உரித்த சின்ன வெங்காயம் நாலு, இரண்டரை டம்ளர் தண்ணீர். எல்லாம் வெந்த பிறகு கொஞ்சம் புளித்தண்ணீர். முதலிலேயே ஊற்றினால் பருப்பு விறைத்துப்போகும். தேங்காய், சீரகம், மிளகாய் வற்றல் அரைத்த விழுதை ஊருக்குப் போகும்போது அம்மாவிடம் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள். அறையில் ஃப்ரீசர் இல்லாவிட்டால் சீரகமும் வற்றலும் பொடித்து வைத்துக்கொண்டு, தேங்காயை அன்றைக்குத் துருவிப் போட்டால் போதும். கடைசியில் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை போட்டுக் கிளறி மூடி ஐந்து நிமிஷம்.

பரோட்டாவை அடியோடு விடச் சொல்லவில்லை, வாரம் ஒரு நாள் சாப்பிடுங்கள். ஆனால் சால்னாவில் மிதக்கிற வெங்காயத்தைக் காய்க் கணக்கில் சேர்க்காதீர்கள். அன்றைக்கு ஒரு வெள்ளரிக்காயும் இரண்டு தக்காளியும் வாங்கி, கழுவி, முதலில் அதைச் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள். இன்றைக்கு ராத்திரி அம்மாவுக்கு ஒரு போன் போட்டு அந்த விழுதுக்கு அளவு கேளுங்கள். பொய் சொல்ல வேண்டியிருக்காது, அவர்களுக்கும் வயிறு குளிரும்.

கேள்வி: வயது 68. பத்து வருஷமாகச் சர்க்கரை. காய் நிறையச் சாப்பிடு என்று டாக்டர் சொன்னதால் சிறுகிழங்கு, சேனை, உருளை என்று தினமும் சாப்பிடுகிறேன். சர்க்கரை இறங்கவில்லை. பல்லும் பாதி இல்லை.
வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: ஐயா, கிழங்கு மண்ணுக்குள் விளைகிற சோறு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாவுச்சத்துதான் அதில் பெரும்பங்கு. உலக சுகாதார நிறுவனம் நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காய்கனி சாப்பிடச் சொல்லும்போது உருளை மாதிரியான கிழங்குகளை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. நீங்கள் டாக்டர் சொன்னதைக் கேட்டு நல்ல மனதோடுதான் சாப்பிட்டிருக்கிறீர்கள், அவர் ஒரு வார்த்தை விளக்கிச் சொல்லியிருக்கலாம்.

அதற்காகத் தை மாதத்துச் சிறுகிழங்கை விட்டுவிடுங்கள் என்று நான் எப்படிச் சொல்வேன்? சாக்குப் பையில் போட்டு உரசித் தோலெடுத்து, மண்வாசனை போகாமல் பொரியல் வைத்தால் அதற்கு ஈடு எது? பொங்கலுக்குச் சாப்பிடுங்கள். அன்றைக்குத் தட்டில் கிழங்கு எவ்வளவோ அவ்வளவு சோற்றைக் குறைத்துவிடுங்கள்.

பல்லுக்குத் தகுந்த காய் நிறைய இருக்கிறது. தடியங்காய், சுரைக்காய், புடலங்காய், பீர்க்கங்காய் நாலும் பாசிப்பருப்போடு கூட்டு வைத்தால் மெல்லவே வேண்டாம், சர்க்கரைக்கும் பாதகமில்லை. தண்டங்கீரையைக் கடைந்து சாப்பிடுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பத்து வருஷச் சர்க்கரை என்பதால் சிறுநீரகச் சோதனை செய்து நாளாகியிருந்தால் அதைச் செய்துவிடுங்கள். அதில் குறை இருந்தால் கீரை, காய் எல்லாவற்றிலும் உள்ள பொட்டாசியத்துக்கு அளவு வைக்க வேண்டியிருக்கும். அந்த அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: ராத்திரி கீரை சாப்பிடக் கூடாது என்கிறாரே மாமியார், சரியா? கீரையில் இரும்புச்சத்து என்கிறார்கள், எனக்கு ரத்தம் ஏறவே இல்லை.
வாசகி, சேரன்மகாதேவி

பதில்: ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் காலையில் கடைந்த கீரை ராத்திரிக்குக் கெட்டுப்போகும், அந்தப் பயத்தில் வந்த வழக்கமாக இருக்கலாம் என்பது என் எண்ணம். அன்றைக்கே ஆக்கிய கீரையை ராத்திரி சாப்பிடுவதில் தவறில்லை. மாமியாரோடு சண்டை வேண்டாம், மத்தியானமே சாப்பிடுங்கள்.

கீரையின் இரும்பு உடம்பில் சுலபமாகச் சேராது. எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட இருந்தால் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு காப்பி, டீ குடித்தால் சேர வேண்டியதும் சேராது, ஒரு மணி நேரமாவது தள்ளுங்கள். ரத்தசோகைக்குக் கீரை மட்டும் போதாது. ரத்தம் சோதித்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் தருகிற இரும்பு மாத்திரையையும் சாப்பிடுங்கள்.

கேள்வி: மருமகன் வந்தால் மட்டும் வைக்கிற சொதியை வாராவாரம் வைக்கலாமா? தேங்காய் கொலஸ்ட்ரால் என்று பயமாக இருக்கிறது.
வாசகி, களக்காடு

பதில்: தேங்காயில் கொலஸ்ட்ரால் கிடையாது. ஆனால் அதிலுள்ள நிறைவுற்ற கொழுப்பு, அளவு மீறினால் ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும். அதனால் பயத்தை விட்டுவிட்டு அளவைப் பாருங்கள். கேரட்டிலும் கீரையிலும் உள்ள வைட்டமின் ஏ சத்து உடம்பில் சேரக் கொஞ்சம் கொழுப்பும் வேண்டும்.

கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்கு வைக்கிற சொதியில் தேங்காய் கணக்கில்லாமல் விழும். வாரச் சொதிக்கு நாலு பேருக்கு அரை மூடித் தேங்காய் போதும். முக்கால் கிலோ காய் போடுங்கள். கேரட், பீன்ஸ், முருங்கைக்காய், பச்சைப் பட்டாணி தாராளமாக, உருளைக்கிழங்கு ஒன்றே ஒன்று. காயை இரண்டாம் தேங்காய்ப்பாலில் வேகவிட்டு, வெந்த பாசிப்பருப்பையும், இஞ்சி பச்சைமிளகாய் அரைத்த விழுதையும் சேருங்கள். முதல் பால் ஊற்றியதும் நுரை கட்டி வரும்போதே இறக்கிவிட வேண்டும், கொதித்தால் திரிந்துபோகும். கீழே இறக்கி, கொஞ்சம் சூடு ஆறின பிறகு எலுமிச்சம்பழம் பிழியுங்கள். தொட்டுக்கொள்ள வழக்கமான உருளைக்கிழங்கு சிப்ஸுக்குப் பதில் இஞ்சிப் பச்சடியும் ஒரு வெண்டைக்காய்ப் பொரியலும் வையுங்கள்.