மறதி நோய் உள்ள அப்பாவுக்கு டோனெபெசில் பலன் தருமா? இரவில் கத்துகிறார் என்று தூக்க மாத்திரையும் சேர்க்கலாமா?

முதல் கேள்விக்குப் பதில்: கொஞ்சம் தரும். மூளையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சீக்கிரம் சிதைந்துபோகாமல் அது தடுக்கிறது, நோயை நிறுத்தாது. சிலருக்குச் சில காலம் பேச்சும் அன்றாட வேலைகளும் தேவலை என்றிருக்கும், சிலருக்கு வித்தியாசமே தெரியாது.

இரண்டாவதுக்கு வருகிறேன். புதிதாக ஒன்றைச் சேர்ப்பதற்கு முன்னால், அப்பா ஏற்கெனவே என்னென்ன சாப்பிடுகிறார் என்று பாருங்கள்.

என் மாமியாருக்கும் டோனெபெசில்தான். ஆரம்பித்த கொஞ்ச நாளில் சிறுநீரை அடக்க முடியாமல் போனது. அந்த மாத்திரையே அப்படிச் செய்யக்கூடும் என்று யாரும் சொல்லவில்லை. வேறொரு டாக்டர் அதற்கு ஆக்ஸிபியூட்டினின் எழுதினார். அப்புறம் வாய் வறண்டது, மலச்சிக்கல் வந்தது, ராத்திரியில் பீரோ பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள் என்று அத்தை அலறத் தொடங்கினார். நோய் முற்றிவிட்டது என்றே எல்லோரும் நினைத்தோம். மனநோய்க்கான மாத்திரை சேர்க்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது, முதியோர் நல மருத்துவர் ஒருவரிடம் மாத்திரைப் பையை அப்படியே கொண்டுபோனோம். மேசையில் கொட்டினால், பாதி அட்டைகளில் பெயரே இல்லை, மெடிக்கலில் கத்தரித்துக் கொடுத்தவை. சீட்டுகளோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். டோனெபெசில் எந்த அசிட்டைல்கோலினைக் கூட்டுகிறதோ, அதே அசிட்டைல்கோலினை ஆக்ஸிபியூட்டினின் வேலை செய்யவிடாமல் தடுக்கிறது! ஆக்ஸிபியூட்டினினை நிறுத்தச் சொன்னார். சில நாளில் அலறல் அடங்கியது.

குளோர்பெனிரமின் கலந்த சளி மாத்திரை, மனச்சோர்வுக்குத் தரும் அமிட்ரிப்டிலின், கைநடுக்கத்துக்குத் தரும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் எல்லாவற்றுக்கும் இதே குணம் உண்டு. சளி மாத்திரையைச் சீட்டே இல்லாமல் வாங்கிக் கொடுத்துவிடுகிறோம் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

அல்பிரசோலம், குளோனாசெபாம் போன்ற தூக்க மாத்திரைகளால் குழப்பம் கூடும். தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பலர் பழையபடி நடப்பதில்லை. மனநோய்க்கான ரிஸ்பெரிடோன், குவெட்டியாபின் வகை மாத்திரைகளில் ஆபத்து இன்னும் கனமானது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இல் 17 ஆய்வுகளைப் பார்த்து எச்சரிக்கை விடுத்தது: மறதி நோயுள்ள முதியவர்களில் இம்மருந்து எடுத்தவர்களில் சுமார் 4.5 சதவீதம் பேர் இறந்தார்கள், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2.6 சதவீதம். அடிக்கிற அளவுக்கு மூர்க்கம் வந்தால் டாக்டர் எழுதத்தான் வேண்டியிருக்கும். அப்போது எத்தனை வாரத்துக்கு, எப்போது குறைப்பீர்கள் என்று கேட்டுவிடுங்கள். லூயி பாடி வகை மறதி நோயா என்பதையும் கேளுங்கள். அதில் ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மாத்திரைகள் உடம்பையே விறைக்க வைத்துவிடும்.

அப்பா கத்துவது ஓரிரு நாளில் திடீரென்று தொடங்கியது என்றால், சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், எங்காவது வலி இருக்கிறதா என்று உடனே காட்டுங்கள். டோனெபெசில் சாப்பிடுகிறவர் மயங்கி விழுந்தாலும் தாமதிக்க வேண்டாம், அது இதயத் துடிப்பைக் குறைக்கக்கூடும்.

எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். சென்னைப் பக்கம் என்றால் கிண்டியில் 2024-இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. கண் சொட்டு மருந்து, லேகியம் உட்பட எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள்.