விருந்துக்கு மறுநாள் வயிற்றெரிச்சல்: வலி மாத்திரை போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். குடியாத்தத்தில் உறவினர் திருமணத்தில் மட்டன் பிரியாணியும் மக்கன் பேடாவும் அளவுக்கு மீறிச் சாப்பிட்டேன். இரவில் மதுவும் அருந்தினேன். மறுநாள் தலைவலி, வாந்தி, மேல்வயிற்றில் எரிச்சல். இது வாயுதானா? வலி மாத்திரை போடலாமா?

பதில்: வலி மாத்திரை வேண்டாம். மது ஏற்கெனவே புண்படுத்தியிருக்கும் இரைப்பையின் உட்சுவரை டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவை மேலும் அரித்து, இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடும்.

நெய்யும் கொழுப்பும் மிகுந்த உணவு இரைப்பையை விட்டு இறங்க நெடுநேரம் பிடிப்பதால் வயிறு உப்பி, அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறுகிறது. மது, சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனை அடக்கி உடலின் நீரையும் வெளியேற்றிவிடுகிறது. வேலூர்ப் பக்கத்து வெயிலில் இந்த இழப்பு இன்னும் கூடும். எலுமிச்சைச் சாறும் கடுங்காப்பியும் போதையை விரைவில் இறக்கமாட்டா. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில் கரைத்து, மடக்கு மடக்காகக் குடியுங்கள். வாந்தி நின்றபின் கஞ்சி போதும்.

உங்கள் சர்க்கரை நோய்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. கல்லீரல் இரத்தத்தில் சர்க்கரை சேர்ப்பதை மது தடுப்பதால், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்கள் வாந்தியால் எதுவும் உண்ணாமல் இருக்கும்போது சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடலாம். அப்போது வரும் வியர்வையையும் நடுக்கத்தையும் குழறலையும் வீட்டார் போதை தெளியவில்லை என்றே எண்ணிவிடுகிறார்கள். குளுக்கோமீட்டரில் 70க்குக் கீழே இருந்தால், விழுங்கும் நிலையில் உள்ளவருக்கு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் சோதிக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. வாந்தி நிற்கும்வரை வழக்கமான மாத்திரைகளை, மெட்ஃபார்மின் உட்பட, உங்கள் மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள்.

வாயுதானா என்பதற்குக் கடிதத்தை மட்டும் வைத்து ஆம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. நெஞ்சை அடைக்கிறது என்று சோடா குடித்துவிட்டுப் படுத்துக்கொள்ளும் பழக்கம் நம் பக்கத்தில் பரவலாக உண்டு. ஆனால் சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பு கடும் வலியில்லாமல், வெறும் எரிச்சலும் வியர்வையுமாகக்கூட வரலாம் என்பதால், இத்தகைய அறிகுறி மீண்டும் வந்தால் 108ஐ அழைத்து உடனே இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். மேல்வயிற்று வலி முதுகுவரை ஊடுருவினாலும், வாந்தியில் இரத்தம் தெரிந்தாலும், மலம் தார்போல் கறுத்தாலும் தாமதிக்கக் கூடாது. மருத்துவமனையில் எவ்வளவு குடித்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். கணைய அழற்சியை ஐயுற்று லிப்பேஸ் இரத்தப் பரிசோதனையை உடனே செய்ய அது மருத்துவருக்கு உதவும்.