எண்ணூறு மீட்டரும் ஏதோ ஒரு டிகிரியும்

மதிப்பிற்குரிய ஐயா,

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்கள் ஊர். பிளஸ் டூ படிக்கிறேன், 800 மீட்டர் ஓடுகிறேன். என் நேரம் 2 நிமிடம் 18 வினாடி. முதல் சுற்றை 64இல் முடித்துவிடுகிறேன், இரண்டாவது 74 ஆகிவிடுகிறது. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறேன். ‘உன் பின்னணி, நீ மதிப்பவை, கல்லூரியில் உன் இலக்கு’ என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்கிறார்கள். எழுதியதை இணைத்திருக்கிறேன். திருத்தித் தர முடியுமா? எந்தப் பாடம் கிடைத்தாலும் எனக்குச் சம்மதம், பயிற்சிக்கு நேரம் இருந்தால் போதும். மாரியப்பன் அண்ணனைப் போல நம் சேலத்துக்குப் பெயர் வாங்கித் தர வேண்டும். எந்தெந்தச் சான்றிதழ்களை வைக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள கண்ணு,

சான்றிதழ் விஷயத்தை உன் பி.இ.டி. சாரிடம் கேள். எந்த ஃபார்ம், யார் கையெழுத்து என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

உன் கடிதம் வந்த வாரம் அக்கா வீட்டில் பரணை ஒழித்துக்கொண்டிருந்தோம். அதனால்தான் உடனே எழுதுகிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

உன் பக்கத்தின் முதல் வரி: ‘காப்பித் தோட்டக் கூலியின் மகள் நான், வறுமையே என் பயிற்சியாளர்.’ அதை அடித்துவிடு. வறுமை யாருக்குப் பயிற்சி கொடுத்தது? சனிக்கிழமை முதல் பஸ்ஸில் உன்னோடு மலை இறங்கி, கைக்காசில் டிக்கெட் எடுத்து, ஸ்டாப்வாட்ச் பிடிக்கும் அந்த ஆசிரியர்தான் உன் பயிற்சியாளர். அவரை நாலாவது பத்தியில் அரை வரியில் வைத்திருக்கிறாய். அப்பா காப்பிப் பழம் பறிக்கிறார் என்றால் அப்படியே எழுது. அதில் ஒரு கௌரவம் இருக்கிறது. அதைக் காட்டி இரக்கம் கேட்காதே.

மலைக்காரி என்பதால் மூச்சு தானாக வரும் என்றும் எழுதியிருக்கிறாய். உயரத்தில் பயிற்சி எடுக்கிற ஓட்டக்காரர்கள் பெரும்பாலும் 2000 மீட்டருக்கு மேல்தான் போகிறார்கள். ஏற்காடு 1500 மீட்டர் சொச்சம். காலை 5 மணிப் பனியில் எழுந்து ஓடினாயே, உன் மூச்சு அதில் வந்தது. மலைக்குக் கொடுத்துவிடாதே.

‘ஒழுக்கம், விடாமுயற்சி, கடின உழைப்பு’ மூன்றையும் எடுத்துவிடு. எல்லார் தாளிலும் இருக்கும். ஆனால் அதற்குக் கீழே, ‘கடைசியாக வரும் பிள்ளை கோட்டைத் தாண்டும்வரை நான் தடத்தைவிட்டு நகர மாட்டேன்’ என்று எழுதியிருக்கிறாய். இதைப் படித்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நீ மதிப்பது எது என்று கேட்டால் இதைச் சொல். வேறு எதுவும் வேண்டாம்.

இனி நான் திட்டப் போகும் இடம். ‘எந்தப் பாடம் கிடைத்தாலும் சம்மதம்.’ ஏன் சம்மதம்? நீ மாரியப்பனைச் சொல்கிறாய். பெரியவடகம்பட்டிக்காரர், 5 வயதில் காலில் பஸ் ஏறி நசுங்கியது. 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். அவர் அம்மா காய்கறி விற்ற கதை ஊருக்கே தெரியும். ரியோவுக்கு முன்பே இதே சேலத்தில் பிபிஏ முடித்திருந்தார் என்பதை யார் சொல்கிறார்கள்? நீயும் சொல்லவில்லை.

என் அக்காவும் எண்ணூறுதான் ஓடினாள். 1990களின் தொடக்கம், காந்தி ஸ்டேடியத்தின் மண் தடம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கணுக்கால் வரை செம்மண் ஏறியிருக்கும். விளையாட்டில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. கணக்கு வேண்டும் என்று கேட்டாள். ‘கணக்கென்றால் தினமும் வகுப்பில் உட்காரணும். நீ ஓடு, அட்டெண்டன்ஸை நாங்க பாத்துக்கறோம்’ என்று சொல்லி, காலியாக இருந்த ஒரு பாடத்தில் போட்டார்கள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். ஃபீஸ் இல்லை, ஹாஸ்டலில் முட்டையும் பாலும் உண்டு.

இரண்டாம் வருடம் கெண்டைக்காலுக்கு முன்னால் எலும்பு வலித்தது. போட்டி முடியட்டும் என்றார்கள். துணியை இறுகக் கட்டிக்கொண்டு ஓடினாள். எலும்பில் கீறல் விழுந்தது. ஆறு மாதம் ஓடக் கூடாது என்றார் டாக்டர். அடுத்த ஜூனில் ஹாஸ்டல் கட்டில் வேறு பிள்ளைக்குப் போயிற்று, ஃபீஸ் கட்டச் சொன்னார்கள். அவள் கையில் 9 அரியர். வகுப்பில் யார் பெயரும் அவளுக்குத் தெரியாது. படிப்பு அங்கேயே நின்றது.

பரணில் கிடைத்தது அவளுடைய நோட்டு. பென்சிலில், தினமும், 200 மீட்டருக்கு ஒரு நேரம் வீதம் நான்கு கட்டங்கள். பக்கத்திலேயே வித்தியாசம், வாரத்துக்கு ஒரு சராசரி. ஒரு பக்கத்தின் அடியில் கோடு போட்டு எழுதியிருக்கிறாள்: ‘முதல் சுற்றில் 1 வினாடி மிச்சம் பிடித்தால் இரண்டாவதில் 2½ போகிறது.’ 19 வயதில், யாரும் சொல்லிக் கொடுக்காமல், இருநூறு ஓட்டங்களை அடுக்கிப் பார்த்துத் தானே கண்டுபிடித்தது. கண்ணு, இந்தப் பெண்ணுக்குக் கணக்கு வேண்டாம் என்றார்கள்! இப்போது செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறாள். மில்லிகிராம் தப்பாது.

நீ உன் கடிதத்தில் 64, 74 என்று எழுதினாய். பயிற்சி என்ற சொல்லையும் கனவு என்ற சொல்லையும் பத்து முறை எழுதிவிட்டு, அந்த இரண்டு எண்களைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறாய். நல்ல எண்ணூறில் இரண்டாம் சுற்று இரண்டு மூன்று வினாடி கூடும். உனக்குப் பத்து கூடுகிறது. முதல் சுற்றிலேயே எல்லாவற்றையும் செலவழிக்கிறாய். நம் நாட்டு எண்ணூறு ஓட்டக்காரி டின்டு லூக்கா 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் அப்படித்தான் முன்னால் ஓடி, கடைசி நீட்டத்தில் ஆறாவது இடத்துக்குப் போனார். அதே ஆண்டில்தான் 1:59.17 ஓடி, ஷைனி வில்சன் வைத்திருந்த தேசியச் சாதனையையும் முறியடித்திருந்தார். காலில் பலம் இல்லாமல் நடந்ததல்ல அது.

ஏன் உடைகிறேன் என்று உனக்குத் தெரிய வேண்டாமா? தசையில் என்ன நடக்கிறது, ரத்தம் எதைச் சுமக்கிறது, எத்தனை நாள் ஓய்வு வேண்டும்? இதையெல்லாம் படிப்பதற்குப் பாடங்கள் இருக்கின்றன. உடற்கல்வி, பிசியோதெரபி, உயிர்வேதியியல். அல்லது இதற்குத் துளியும் சம்பந்தமில்லாத ஒன்று, உனக்குப் பிடித்தது. எதுவானாலும் பெயரைச் சொல்லிக் கேள். ‘மூன்று வருடத்தில் 2:10, இந்தப் பாடத்தில் அரியர் இல்லாமல் பட்டம்’ என்று எழுது. காயம் பட்டால் என் இடமும் ஹாஸ்டலும் என்ன ஆகும் என்று நேர்காணலில் வாய்விட்டுக் கேள். பயமாக இருந்தால் அப்பாவைக் கேட்கச் சொல். அக்காவுக்காக நாங்கள் யாரும் கேட்கவில்லை.

பக்கத்தை நான் திருத்தித் தர மாட்டேன். நீயே எழுதி அனுப்பு, படிக்கிறேன்.

நேற்று ராத்திரி உன் இரண்டு எண்களையும் அக்காவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, ‘முதல் சுற்றை 67க்குக் கொண்டு வரச் சொல்லு. முதல் 200ஐ யாராவது சத்தமாக எண்ணிச் சொல்லணும், தானாக அடங்க மாட்டா’ என்றாள். கடைசியில், சனிக்கிழமை எந்த பஸ்ஸில் இறங்குகிறாய் என்று கேட்டாள்.