அந்த முதல் கேள்வி

அன்புள்ள அக்கா,

நான் ஒரு தனியார் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். இந்த வருஷம் உள் புகார் குழுவில், அதாவது ஐசிசியில், என்னைப் போட்டிருக்கிறார்கள். பாலியல் வன்முறைக்கு ஆளான மாணவிகளுக்கு எப்படி உதவுவது என்று ஊழியர்களுக்கு அரைநாள் பயிற்சியும் நான்தான் நடத்த வேண்டும். நல்ல புத்தகங்கள் சொல்வீர்களா? பொய்ப் புகார்களைக் கண்டுபிடிப்பது பற்றியும் சேர்க்கச் சொல்கிறார் முதல்வர். நல்லவேளை, எங்கள் கல்லூரியில் இதுவரை ஒரு புகார்கூட வந்ததில்லை.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

‘நல்லவேளை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை பிள்ளைகள் படிக்கிற இடத்தில் இதுவரை ஒரு புகார்கூட இல்லையென்றால், உங்களில் யாரிடமும் வந்து சொல்லலாம் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. பொய்ப் புகார் பேச்சை விடுங்கள். விசாரிக்கக் குழு இருக்கிறது, பல்கலைக்கழக மானியக் குழுவின், அதாவது யுஜிசியின், 2015 விதிகள் அதற்கு 90 நாள் கொடுத்திருக்கின்றன. உங்கள் பயிற்சி, ஒரு பெண் வாய் திறக்கிற அந்த முதல் ஐந்து நிமிடத்தைப் பற்றியதாக இருக்கட்டும்.

1988இல் நான் விடுதியில் இருந்தேன். ஆறரை மணிக்குள் உள்ளே வந்துவிட வேண்டும். ஒரு நாள் என் அறைத்தோழி ஏழரைக்கு வந்தாள். ஒரு காதில் தோடு இல்லை. வார்டன் அவள் முகத்தைப் பார்க்கவேயில்லை, நோட்டைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். ‘தாமதத்துக்குக் காரணம்’ என்று ஒரு கட்டம். ‘பஸ் லேட்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு என்னிடம் பாதிதான் சொன்னாள். அதற்குள் நான், “நீ ஏன்டி தனியாப் போன?” என்று கேட்டுவிட்டேன். அவள்மேல் உள்ள பாசத்தில்தான் கேட்டேன். மீதியை அவள் என்னிடம் கடைசிவரை சொல்லவேயில்லை.

அன்று ராத்திரி எங்கள் விடுதி ஆயா ஒரு வாளி வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. “சாப்பிட்டியா கண்ணு? நான் இங்கயே படுத்துக்கட்டுமா?” என்றார். அவள் தலையாட்டினாள். வாசலில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டார். காலையில் அவள் ஆயாவிடம்தான் பேசினாள்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், ‘ஏன் போனாய்’ என்ற கேள்வி இன்றும் அப்படியே இருக்கிறது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவி வன்கொடுமைக்கு ஆளானார். தைரியமாகப் புகார் கொடுத்தார். முதல் தகவல் அறிக்கை அவர் அடையாளத்தோடு வெளியே கசிந்தது. அதை எழுதியிருந்த விதமே பாதிக்கப்பட்டவர்மேல் பழி போடுவதுபோல் இருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்தது, 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 2025 ஜூனில் குற்றவாளிக்கு 30 ஆண்டுக்குக் குறையாத ஆயுள் தண்டனையும் வந்தது. ஆனால் நடுவில் அந்த மாதங்களில், அந்தப் பெண் அந்த நேரத்தில் அங்கே ஏன் இருந்தாள் என்று படித்தவர்களே என்னிடம் கேட்டார்கள். ‘ஏன்’ என்று கேட்டால், தப்பு உன்மேல்தான் என்று அவள் காதில் விழும். பாசத்தோடு கேட்டாலும் அப்படித்தான் விழும். வார்டன் கேட்டாலும் விழும், துறைத்தலைவர் கேட்டாலும் விழும், நீங்கள் கேட்டாலும் விழும்.

பேராசிரியர்களை மட்டும் ஏசி அறையில் உட்காரவைத்துச் சட்டப்பிரிவுகளைத் திரையில் ஓட்டாதீர்கள். வாட்ச்மேன், ஆயா, கல்லூரி பஸ் டிரைவர், லேப் உதவியாளர், ஆபீஸில் விடுப்புக் கடிதம் வாங்குகிற கிளார்க், எல்லோரையும் கூப்பிடுங்கள். அவள் முதலில் போய் நிற்பது இவர்கள் முன்னால்தான். “நீ சொன்னது நல்லதும்மா. இப்ப உனக்கு என்ன வேணும்?” இதை வாய்விட்டுச் சொல்லிப் பழகச் சொல்லுங்கள். அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, உடனே இலவசமாகச் சிகிச்சை தந்தாக வேண்டும் என்பது சட்டம். அவசரக் கர்ப்பத்தடை மாத்திரையும் எச்ஐவி தடுப்பு மருந்தும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இதை வாட்ச்மேனும் தெரிந்துவைத்திருக்கட்டும்.

அப்புறம், ‘சார் இன்டர்னல் மார்க்கில் கைவைத்துவிடுவாரே’ என்ற பயம். புகாருக்கு ஆளானவர் அந்த மாணவியின் தாளைத் திருத்தக் கூடாது, மதிப்பிடக் கூடாது என்று உத்தரவிட அதே யுஜிசி விதிகளில் இடமுண்டு. மூன்று மாதம் வரை அவளுக்கு விடுப்பும் தரலாம். இது மாணவிகளுக்குத் தெரியுமா? நோட்டீஸ் போர்டில் பெரிய எழுத்தில், தமிழில் ஒட்டுங்கள்.

புத்தகம் கேட்டிருந்தீர்கள். அது கிடக்கட்டும். முதலில் உங்கள் விடுதி வாசலுக்குப் போய் அந்த நோட்டை எடுத்துப் பாருங்கள். காரணம் எழுதுகிற கட்டம் இன்னும் இருக்கிறதா என்று எனக்கு எழுதுங்கள்.