பணம் கட்டிய பிறகு டூரை மாற்றினால்?

கேள்வி: காஷ்மீர் போக நான்கு பேருக்கு 1,60,000 ரூபாய் கட்டிவிட்டோம். கிளம்ப 12 நாள் இருக்கும்போது டிராவல்ஸிலிருந்து போன். தால் ஏரி படகு வீட்டுக்குப் பதில் ஊருக்கு வெளியே ஓர் ஓட்டல்தானாம், சோன்மார்க் சுற்றுலாவும் கிடையாதாம். வேண்டாம் என்றால் பாதிப் பணம்தான் தருவார்களாம். என்ன செய்யலாம்? - மதுரை வாசகி

பதில்: கோபத்தில் “கேன்சல் பண்ணிடுங்க” என்று மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். பாதிப் பணப் பிடித்தம் என்பது நீங்களாக ரத்து செய்தால் வருவது. இங்கே பேச்சை மாற்றியது அவர்கள். அந்த ஒரு செய்தி கையில் கிடைத்தால், அதைக் காட்டியே பணத்தைப் பிடித்துக்கொள்வார்கள்.

போனில் சொன்னதை எழுத்தில் வாங்குங்கள். தராவிட்டால் இன்றே நீங்கள் மெயில் அனுப்புங்கள்: “இன்று போனில் நீங்கள் சொன்ன மாற்றங்களை நாங்கள் ஏற்கவில்லை. முதலில் தந்த திட்டப்படி நடத்துங்கள், இல்லையென்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள்.” இவ்வளவு போதும்.

அப்புறம், ரசீதையும் பயணத் திட்டத்தையும் எடுத்துப் பாருங்கள். ஓட்டல் பெயருக்குப் பக்கத்தில் “அல்லது அதற்கு இணையானது” என்று பொடி எழுத்தில் இருக்கும். அதே தரத்தில், அதே இடத்தில் வேறு ஓட்டல் என்றால் அது செல்லும். ஏரியில் மிதக்கும் வீடும் ஊருக்கு வெளியே ஓர் அறையும் எப்படி இணையாகும்? “திட்டத்தை மாற்ற நிர்வாகத்துக்கு உரிமை உண்டு” என்ற வரி இருந்தாலும் பயந்துவிடாதீர்கள். ஒரு வரி அச்சடித்துவிட்டதால் எதை வேண்டுமானாலும் வெட்டலாம் என்றாகிவிடாது.

நிலச்சரிவில் சாலை மூடிவிட்டது போன்ற காரணம் என்றால் நிலைமை வேறு. அதற்கு நஷ்ட ஈடு கேட்பது கடினம். ஆனால் போகாத இடத்துக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்.

பேசிப் பார்த்தும் நடக்கவில்லையா? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் ‘சேவைக் குறைபாடு’ என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஏஜென்சி டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மதுரையிலேயே வழக்குப் போட 2019 சட்டம் இடம் தருகிறது. அலைச்சலுக்கு அஞ்சியே விட்டுவிடுகிறவர்களுக்கு இது பெரிய உதவி. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

லீவு போட்டாயிற்று, பிள்ளைகள் ஆசையாக இருக்கிறார்கள், போய்த்தான் ஆக வேண்டும் என்றால் போங்கள். “ஆட்சேபத்துடன்தான் வருகிறோம்” என்று கிளம்பும் முன் ஒரு மெயில் போட்டுவிடுங்கள். ஓட்டல் பெயர்ப் பலகையையும் அறையையும் படம் எடுங்கள். கடைசி நாளில் “சேவை திருப்தி” என்று ஒரு படிவத்தை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள்.