இராமநாதபுரம் கடற்கரையில் விடுமுறைக்குக் காட்டேஜ் எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

காட்டேஜ் என்பது நாள் வாடகைக்கு முழுதாக விடப்படும் தனி வீடு. பெரும்பாலும் சமையலறையும் இருக்கும்.

இங்கே விலைக்கு முன்னால் பார்க்க வேண்டியது, வீடு எந்தக் கடல் பக்கம் என்பதைத்தான். மண்டபம், இராமேஸ்வரம் பகுதியில் வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. உள்ளூரில் முன்னதைப் பெண் கடல் என்பார்கள், பின்னதை ஆண் கடல் என்பார்கள். கோடையில் தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கியதும் தெற்குப் பக்கம் கொந்தளிக்கும், அரியமான் போன்ற வடகரை அடங்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வந்தால் அப்படியே தலைகீழ். காலை வெயில் முன்திண்ணையில் அடித்தால் பின்கட்டில் போய் உட்காருவோமே, அதே கணக்குதான். குழந்தைகளோடு போகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

அப்புறம் தண்ணீர். நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. குளிக்க என்ன தண்ணீர், குடிக்க என்ன தண்ணீர் என்று தனித்தனியாகக் கேட்டுவிடுங்கள்.

தனுஷ்கோடியிலேயே இரவு தங்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. 1964 புயலுக்குப் பிறகு அது வாழத் தகுதியற்ற இடமாக அறிவிக்கப்பட்டது, மாலையில் பயணிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.