ஆதாரில் 18, பிறப்புச் சான்றிதழில் 17: தம்பியை எங்கே விசாரிக்க வேண்டும்?

கேள்வி: வணக்கம் மேடம். என் தம்பி ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். 2025 ஜூன் 3 அன்று இரண்டு கோஷ்டிகளுக்குள் நடந்த அடிதடியில் ஒருவருக்குக் கத்திக்குத்து விழுந்தது. தம்பி அந்தக் கூட்டத்தில் இருந்தான், ஆனால் தான் குத்தவில்லை என்கிறான். 25 நாள் கழித்துப் போலீஸ் பிடித்துப்போய், 20 வயது தாண்டிய நான்கு பேரோடு சேர்த்துக் கொலை முயற்சி வழக்கில் ரிமாண்ட் செய்து சிறையில் வைத்திருக்கிறார்கள். ஆதாரில் பிறந்த தேதி 1.1.2007. பள்ளி டி.சி.யில் 12.5.2007. நகராட்சிப் பிறப்புச் சான்றிதழில் 20.7.2007. பிறப்புச் சான்றிதழில் இருப்பதுதான் உண்மை. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வயது போதவில்லை என்று அப்பா கூட்டிச் சொல்லிவிட்டார். எங்கள் வக்கீல், “முதலில் ஜாமீன் வாங்குவோம், வயசு விஷயத்தை ட்ரயலில் பார்த்துக்கலாம்” என்றார். ஜாமீன் மனு ஒருமுறை தள்ளுபடியாகிவிட்டது. இப்போது அவனுக்கு 18 முடிந்துவிட்டது. இனி சிறார் என்று கேட்க முடியுமா? டி.சி.யைத் திருத்தி வாங்கிவிடலாமா? நாளைக்கு வேலைக்குப் போனால் இந்த வழக்கு குறுக்கே வருமா? — ஓர் அக்கா

பதில்: ஊர், பெயர், காவல் நிலையம் எல்லாவற்றையும் உங்கள் கடிதத்திலிருந்து நீக்கிவிட்டேன். வழக்கில் சிக்கிய சிறாரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக்கூடாது என்கிறது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 74. நீங்களும் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் அவன் போட்டோவைப் போட்டு உதவி கேட்காதீர்கள்.

முதல் கேள்வியிலேயே உங்கள் பயம் தெரிகிறது. பயப்பட வேண்டாம், கேட்க முடியும். பார்க்க வேண்டியது சம்பவம் நடந்த அன்று அவனுக்கு என்ன வயது என்பதை மட்டும்தான். பிடிபட்ட நாளோ, கோர்ட்டில் நிறுத்திய நாளோ, இன்றைய தேதியோ கணக்கில் வராது. இதில் ஒரு காலத்தில் குழப்பம் இருந்தது. நீதிமன்றத்தில் முதலில் ஆஜர்படுத்திய நாளில் என்ன வயது என்றுதான் பார்க்க வேண்டும் என 2000-இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. 2005-இல் அரசியல் சாசன அமர்வு அதை மாற்றி, குற்றம் நடந்த நாளே அளவுகோல் என்று முடிவு செய்தது. இன்றைய சட்டத்தின் பிரிவு 6 இன்னும் தெளிவாக, 18 வயதுக்குள் செய்ததாகச் சொல்லப்படும் செயலுக்கு 18 தாண்டியபின் பிடித்தாலும் விசாரணையில் அவரைக் குழந்தையாகவே நடத்த வேண்டும் என்கிறது. பிறப்புச் சான்றிதழ்படி ஜூன் 3 அன்று உங்கள் தம்பிக்கு 17 வயது 10 மாதம். டி.சி.படி 18 வயது 22 நாள். இந்த வழக்கு எங்கே போகும் என்பதே இந்த இரண்டு காகிதங்களில் எது நிற்கும் என்பதில் இருக்கிறது.

எந்தக் காகிதத்தை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று பிரிவு 94 சொல்கிறது. முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லாவிட்டால் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி தந்த பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லை என்றால் மட்டுமே எலும்பு வளர்ச்சிப் பரிசோதனை போன்ற மருத்துவ முறை. இந்தப் பட்டியலில் ஆதாருக்கு இடமே இல்லை. ஆதார் அடையாளத்துக்கான ஆவணம், பிறந்த தேதிக்கான அத்தாட்சி அல்ல என்று அதை வழங்கும் ஆணையமே 2023-இல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. 2024 அக்டோபரில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றமும் ஆதாரை விட்டுவிட்டுப் பள்ளிச் சான்றை வைத்து வயதைக் கணக்கிட்டது. பிறந்த தேதி தெரியாமல் பதிவு செய்த லட்சக்கணக்கானவர்களுக்கு ஆதாரில் ஜனவரி 1 என்றே விழுந்திருக்கிறது. உங்கள் வீட்டிலும் அதுதான் நடந்திருக்க வேண்டும். அதை வைத்து ரிமாண்ட் கேட்டிருந்தால் அது தவறு.

டி.சி.தான் சிக்கல். பள்ளிச் சான்று முதலிடத்தில் இருக்கிறதே, அப்படியானால் அப்பா சொன்ன பொய்த் தேதிதானே ஜெயிக்கும் என்று உங்களுக்குத் தோன்றும். அரசு வக்கீலும் அதைத்தான் வாதிடுவார். இங்கே உங்களுக்குக் கைகொடுப்பது 2023 ஜூலையில் வந்த ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றச் சட்டம்) மேல்முறையீடு அது. பிரச்சினை, பாதிக்கப்பட்ட பெண்ணின் வயது. மாற்றுச் சான்றிதழும் (டி.சி.) சேர்க்கைப் பதிவேட்டு நகலும் பிரிவு 94 கேட்கும் பள்ளிச் சான்று ஆகாது என்று நீதிமன்றம் ஒதுக்கிவிட்டது. அங்கே குற்றம் சாட்டப்பட்டவருக்கு உதவிய அதே வரி, இங்கே உங்கள் தம்பிக்கும் உதவும். அவனிடம் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கிடையாது. டி.சி.யும் கணக்கில் வராது என்றால் அடுத்த படியில் நிற்பது பிறப்புச் சான்றிதழ். படிப்பை நிறுத்தியது ஒரு வழக்கில் சாதகமாகும் என்று சொல்ல எனக்கே சங்கடமாக இருக்கிறது, ஆனால் நிலைமை அதுதான்.

கண்டிப்பாக ஜெயிக்கும் என்று எழுதித் தர மாட்டேன். பிறப்புச் சான்றிதழில் பதிவு செய்த தேதி எது என்று இன்றே பாருங்கள். பிறந்து 21 நாளுக்குள் பதிவாகியிருந்தால் அதை அசைப்பது கடினம். பல வருடம் கழித்துத் தாமதமாகப் பதிந்திருந்தால் எதிர்த்தரப்பு முதலில் கை வைப்பது அதில்தான். அப்படியானால் பிரசவம் பார்த்த மருத்துவமனையின் பதிவேடு, தடுப்பூசி அட்டை இவற்றைத் தேடி எடுங்கள். எல்லைக்கோட்டில் நிற்கும் வழக்கில் இரண்டு கருத்துக்கு இடமிருந்தால் சிறார் என்ற பக்கமே சாய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருப்பதும் உங்களுக்குத் துணை. எலும்பு எக்ஸ்ரே எடுக்கலாம் என்று யாராவது கிளப்பினால் உங்கள் வக்கீல் கடுமையாக எதிர்க்க வேண்டும். அந்தச் சோதனையில் இரண்டு வருடம் முன்னே பின்னே ஆகலாம் என்பது நீதிமன்றங்கள் 1982 முதலே ஏற்றுக்கொண்ட விஷயம். இரண்டு மாத வித்தியாசத்தை அது எப்படித் தீர்க்கும்?

டி.சி.யைத் திருத்தும் வேலைக்குப் போகவே போகாதீர்கள். ஆதாரையும் தொடாதீர்கள். வழக்கு ஓடும்போது திருத்திய காகிதம் உங்கள் கையில் இருக்கும் நல்ல காகிதத்தையும் சேர்த்துக் கெடுக்கும். அப்பா ஏன் தேதியைக் கூட்டிச் சொன்னார் என்பதை அவரே கூண்டில் ஏறி உள்ளபடி சொல்லட்டும். பள்ளியில் சேர்க்க வயதைக் கூட்டிச் சொல்லும் பழக்கம் எந்த நீதிபதிக்கும் புதிதல்ல.

ஜாமீன் முதலில், வயது பிறகு என்ற யோசனையை நான் ஏற்க மாட்டேன். தப்பான வாசலில் நின்று கதவைத் தட்டுவது போன்றது அது. சிறார் என்று முடிவானால் ஜாமீனின் இலக்கணமே மாறிவிடும். பிரிவு 12-இன்படி ஜாமீனில் விடக்கூடிய குற்றமா இல்லையா என்ற பேதமே கிடையாது, விட்டாக வேண்டும். வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து வரும், நீதியின் நோக்கம் கெடும் என்று நம்பக் காரணம் இருந்தால் மட்டுமே மறுக்கலாம். காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும்.

ஆகவே இந்த வாரமே, ரிமாண்ட் செய்த மாஜிஸ்திரேட் முன்பு பிரிவு 9(2)-இன்கீழ் மனு போடச் சொல்லுங்கள். அபிடவிட்டை (பிரமாணப் பத்திரம்) மட்டும் வைத்து இதை முடிக்க முடியாது, சாட்சியம் எடுத்தாக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நகராட்சிப் பிறப்புப் பதிவேட்டை வரவழைக்கவும், பெற்ற தாயைச் சாட்சியாக விசாரிக்கவும் அந்த மனுவிலேயே கேளுங்கள். மனு முடியும்வரை அவனைச் சிறையிலிருந்து ‘பாதுகாப்பு இட’த்துக்கு மாற்றவும் கேளுங்கள், பிரிவு 9(4) அதற்கு இடம் தருகிறது. பார்ஸ்டல் பள்ளிக்கு (இளம் குற்றவாளிகளை வைக்கும் இடம்) மாற்றுகிறோம் என்றால் சம்மதிக்க வேண்டாம், அதுவும் சிறைத்துறைதான்.

வயதுக் கோரிக்கையை எந்த நீதிமன்றத்திலும், எந்தக் கட்டத்திலும், தீர்ப்புக்குப் பின்னும்கூட எழுப்பலாம் என்பது உண்மை. உங்கள் வக்கீல் சொன்னது சட்டப்படி தவறில்லை. ஆனால் மரண தண்டனை விதிக்கப்பட்ட ஒருவர், சம்பவத்தின்போது தனக்கு 12 வயதுதான் என்பதைப் பள்ளிப் பதிவேட்டின் மூலம் நிரூபித்து 2023-இல் உச்ச நீதிமன்றத்தால் விடுதலையானபோது, சிறையில் 28 வருடம் கழிந்திருந்தது.

கோரிக்கை ஏற்கப்பட்டால் தம்பியின் வழக்கு மட்டும் பிரிந்து, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். பெரியவர்களோடு சேர்த்து விசாரிக்கக் கூடாது. “16 தாண்டியவனைப் பெரியவனாக விசாரிப்பார்களாமே” என்று யாராவது உங்களைப் பயமுறுத்தியிருப்பார்கள். அது குறைந்தபட்ச தண்டனையே 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் உள்ள கொடிய குற்றங்களுக்கு மட்டும். கொலை முயற்சிக்கு பாரதிய நியாய சன்ஹிதா (ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த சட்டம்) பிரிவு 109 ஆயுள்வரை தண்டனை சொன்னாலும் குறைந்தபட்சம் எதையும் வைக்கவில்லை. இப்படிப்பட்டவை கொடிய குற்றம் என்ற வகையில் வராது என 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021 திருத்தம் அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. இதை வக்கீல்களே கவனிக்காமல் விடுவதை நான் பார்த்திருக்கிறேன். குழுமம் குற்றம் உண்மை என்று கண்டாலும் அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறப்பு இல்லம். பெரும்பாலும் அறிவுரை, சமூக சேவை, நன்னடத்தைக் கண்காணிப்பு என்று முடியும்.

வேலைக் கவலைக்கும் அங்கேதான் பதில் இருக்கிறது. குழுமத்தில் முடிந்த வழக்கால் எந்தத் தகுதிக் குறைவும் வராது (பிரிவு 24). முடிந்த வழக்கின் விவரத்தை நன்னடத்தைச் சான்றுக்காகப் போலீஸ் வெளியிடவும் கூடாது. பெரியவர்கள் வழக்கிலேயே இருந்துவிட்டால் இந்த இரண்டும் கிடைக்காது.

தற்போதைய வக்கீல் தயங்கினால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. போகும்போது பிறப்புச் சான்றிதழின் அசல், ரிமாண்ட் உத்தரவின் நகல், ஜாமீன் தள்ளுபடி உத்தரவு மூன்றையும் எடுத்துப் போங்கள். டி.சி.யையும் மறைக்காமல் கொடுங்கள்.